மாறிச்சு என்று சொல்லாதீர்கள்

மயினி,

இன்று காலையில் அந்தப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்தேன். வந்த புதிதில் தும்பைப் பூ மாதிரி இருந்தது. இப்போது மடிப்புக்கு மடிப்பு கரி. சும்மா இருக்க மாட்டாமல் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். அய்யோ, உங்கள் வாசம்! நீங்கள் தலையில் கட்டிக்கொள்ளும் தோர்த்துத் துண்டு, உங்கள் முடி, நீங்கள் கட்டிப்பிடித்தால் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த ரப்பர் ஷீட்டுப் புகை, எல்லாம் அதிலே இருந்தது. பின்னால் நிற்கிறீர்கள் என்றே நினைத்து, "என்ன மயினி?" என்று திரும்பிவிட்டேன். யாரும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கரியெல்லாம் பெட்டிக்குள் மாட்டியது. மாட்டாமல் போனது எங்கே போயிருக்கும்?

இந்தப் பெட்டியை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு வந்தது. அறைக்குள் இருக்கும் காற்றை இழுத்து, அழுக்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே விடும். அம்முவின் அப்பா மஸ்கட்டில் இருந்துகொண்டே ஆர்டர் போட்டு அனுப்பினார். ஏனென்றால் அம்முவுக்கும் இழுப்பு வந்துவிட்டது மயினி. நீங்கள் மடியில் போட்டு எண்ணெய் தேய்த்த என் பிள்ளைக்கு. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், படியேறினால் நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது.

பெட்டியின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. காற்று நன்றாக இருந்தால் நீலம், கெட்டுப்போனால் சிவப்பு. எமனுக்கு ஒரு கண் இருந்தால் இப்படித்தான் இருக்கும். நான் வற்றல் மிளகாய் தாளித்தால் சிவப்பு. கருவாடு பொரித்தால் சிவப்பு. கொசுவர்த்தி கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். தாளிப்பதை விட்டேன், கருவாட்டை விட்டேன், சாமி படத்துக்கு ஊதுபத்தியையும் விட்டேன். விட்ட பிறகும் மத்தியானம் ஆனால் சிவப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் அடுக்களையில் என் அண்ணன் ஷீட்டுக்குப் புகை போடுகிற நேரம் அது.

உங்கள் அடுக்களையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும். தனுவச்சபுரத்தில் கல்லூரி விட்டு, பஸ்ஸில் நெரிசல்பட்டு, நனைந்து வந்து சேர்ந்தால் நேராக உங்கள் அடுப்படியில்தான் உட்காருவேன். மேலே மூங்கில் கம்புகளில் ரப்பர் ஷீட்டுகள் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். நூறு மூடு ரப்பர் மரம் இல்லாதவனுக்கு என்னத்துக்குத் தனியாக ஒரு புகைப்புரை என்று அண்ணன் அடுப்புக்கு மேலேயே பரண் கட்டிக்கொண்டார். ஈரத்தோடு மஞ்சளும் வெள்ளையுமாக ஏறும் ஷீட்டு, தேன் நிறத்தில் இறங்கும். நடுவில் நடந்ததெல்லாம் புகை. நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊதுகுழலை ஊதுவீர்கள். எனக்குக் கண்ணீர் வழியும்.

"ஜன்னலத் தெறங்க மயினி, சாவ்றேன்" என்பேன்.

"தெறந்தா புகை போவும். புகை போனா ஷீட்டு பூசணம் பூத்துப் போவும். நீ சாவாண்டாம், வெளிய போயிரி" என்பீர்கள்.

உங்களுக்குக் காற்றைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. ஆரியங்கோட்டுக் குன்றிலே பிறந்தவள் நான், என்று தொடங்கினால் நிறுத்த ஆள் வேண்டும். தொலைக்காட்சியில் டெல்லியைக் காட்டும்போதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, "பாவங்க, மூச்சு விட இடமில்லியே அதுகளுக்கு" என்று இரக்கப்படுவீர்கள். சுற்றிலும் மரம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நமக்கு என்ன குறை என்பது உங்கள் கணக்கு. தவறில்லைதான். முற்றத்தில் நின்றால் நல்ல காற்று. நீங்கள்தான் முற்றத்தில் நிற்கவே இல்லையே.

நம் பக்கத்தில் மூச்சிழுப்புக்கு வலிவு என்றுதான் பேர். மலையாளமும் தமிழும் ஒரே வாயில் புரளும் ஊர், நமக்கு அது புதிதாகத் தோன்றாது. நாகர்கோவிலில் அந்த நெஞ்சு டாக்டரிடம் உங்களை நான் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குத்தான் அந்த வார்த்தை நம் மானத்தை வாங்கியது. சின்னப் பையன் மாதிரி டாக்டர், மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"வலிவு உண்டும் சாரே. விடிய வெளுப்பாங்காலம் ஆனா நல்ல வலிவாக்கும். குனிஞ்சு நிமுந்தா பின்னேயும் வலிவு."

அவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "நல்ல வலிவா இருந்தா சந்தோஷம்தானேம்மா. அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பலம் என்று நினைத்துவிட்டார் மனுஷன்! நீங்கள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் இழுப்பு வந்து, "இதாக்கும், இதாக்கும் சாரே வலிவு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் காதில் மாட்டிய குழலை உங்கள் முதுகில் வைத்தார். வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முகம் மாறியதைப் பார்த்த நிமிஷத்தில் என் பயம் தொடங்கியது.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டில் விறகடுப்பா, கேஸா என்று கேட்டார். "கேஸாக்கும். ரெண்டு குற்றி உண்டு" என்று ராணி மாதிரி சொன்னீர்கள். குற்றி என்றால் சிலிண்டர் என்று நான்தான் அவருக்கு விளக்கினேன். அதோடு விட்டேனா? "சாரே, விறகும் உண்டு. ரப்பர் ஷீட்டுக்கு எந்நேரமும் புகை" என்றேன். நீங்கள் மேஜைக்கு அடியில் என் தொடையில் கிள்ளியது இரண்டு நாள் சிவந்து கிடந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் புகை நிக்காம நான் என்ன மருந்து எழுதியும் பிரயோஜனம் இல்லம்மா" என்றார்.

களியக்காவிளை வருகிறவரை பஸ்ஸில் நீங்கள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பொரிந்து தள்ளினீர்கள். "அவரு கேட்டது சமையலுக்குள்ள அடுப்ப. அதுக்கு நான் கேஸுன்னு சொன்னேன். இது ஷீட்டுக்குள்ள அடுப்பாக்கும். அதக் கேட்டாரா அவரு? நீ என்னத்துக்கெட்டி எனக்க வீட்டுக் காரியத்த அவருட்ட வெளம்பின?"

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு அது இரண்டு வேறு அடுப்பு. சோறு ஒன்றில், ரப்பர் ஒன்றில். நெஞ்சு மட்டும் ஒன்று. இதை நம் குன்னத்துகால் பக்கத்தில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் உங்கள் பதில்தான் சொல்வார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு நடுங்குகிறது.

டாக்டர் சொன்னதை நீங்கள் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது மட்டும் காதில் ஏறியது. எப்படிச் செய்தீர்கள்! ஊரெல்லாம் அந்தப் பெருங்காய்ச்சல் வந்த காலத்தில் வைத்தியசாலையில் ஒரு தூபப் பொடி விற்றார்கள் இல்லையா, அதை வாங்கி வந்தீர்கள். அந்திக்கு விளக்கு வைத்ததும் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, சிரட்டைக் கனலை மண் தட்டில் வாரி, அதில் பொடியைத் தூவி, அறை அறையாகக் கொண்டுபோவீர்கள். முன்னால் புகை, பின்னால் நீங்கள், உங்களுக்கும் பின்னால் உங்கள் இருமல்.

"புகையப் புகை வச்சா கழுவுவிய?" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"அது தீப்புகை. இது மருந்துப் புகையாக்கும். காத்து சுத்தமாவட்டு."

"நெஞ்சுக்கு ரெண்டும் ஆள் தெரியுமா மயினி?"

"போ எட்டி, பயந்தாரி. வாய் மட்டும் உண்டு உனக்கு."

பயந்தாரிதான். எனக்கு உங்கள் நெஞ்சின் சத்தம் எப்போதும் பயம். பக்கத்தில் உட்கார்ந்தால் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கேட்கும். நான் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்கள்தான் எனக்குத் தைரியம் சொல்வீர்கள். "எட்டி, சத்தம் உண்டுமுன்னா ஆளும் உண்டு." இரண்டு மூச்சுக்கு நடுவில், விட்டு விட்டு, சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். விளையாட்டுக்குச் சொன்னீர்களா, தெரிந்து சொன்னீர்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாளை எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தீர்கள். மத்தியானம் சோற்று நேரம். சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. விசில் போயிற்று. நீங்கள் கண்ணை மூடினீர்கள். அண்ணன் என் கையைப் பிடித்து, குழந்தை மாதிரி முகம் மலர்ந்து, "மாறிச்சு! பாத்தியா, மாறிச்சு!" என்றார். நம் பேச்சில் எந்த நோய் தீர்ந்தாலும் மாறிச்சுதானே. காய்ச்சல் மாறிச்சு, தலைவலி மாறிச்சு. எனக்கும் உயிர் வந்தது. அண்ணன் சாயா வாங்கி வாறேன் என்று படியிறங்கினார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் உங்கள் முதுகில் குழலை வைத்துப் பார்த்தாள், இன்னொரு இடத்தில் வைத்தாள், அப்புறம் ஓடினாள். உள்ளே காற்று போனால்தான் விசிலும் வரும், போகாவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்று பிறகுதான் எங்களுக்கு யாரோ சொன்னார்கள். அண்ணன் சாயாவோடு திரும்பி வந்து வராந்தாவில் நின்றார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு நான் வாயால் சொன்னதில்லை.

இப்போது அம்முவுக்கு வருகிறேன். அண்ணனிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை மயினி. கொச்சுப்பிள்ளைக்கு ஆகவில்லை, அடுப்பை அணையுங்கள், ஷீட்டு அடிக்க வேண்டாம், ரப்பர் பாலாகவே விற்றுவிடுங்கள், எடுக்கிற ஆள் ஜங்ஷனில் இருக்கிறார் என்றேன். அண்ணன் மசியவில்லை.

"காத்து கழுவுற பெட்டி வாங்கி வச்சிருக்கேல்லா? பின்ன என்ன?"

"பெட்டி ஒரு முறிக்குத்தான் அண்ணா. பிள்ளைய எந்நேரமும் அந்த ஒரு அறைக்குள்ள அடைச்சா வைக்க முடியும்?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது அவளுக்க அடுப்பாக்கும். அவ போட்ட தீ. நான் அணைய விட மாட்டேன்."

அதற்கு மேல் என்ன பேச? தினம் சாயங்காலம் கனலைச் சாம்பலில் மூடி வைப்பார், காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து ஊதி எழுப்புவார். ஷீட்டு அவருக்கு ஒரு சாக்கு. ஒருவர் துக்கத்துக்கு முன்னால் போய் நின்று, உன் துக்கம் என் பிள்ளையைக் கொல்கிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். பெட்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தேன்.

போன ஐப்பசியில், துலாமாத மழையில் ஒரு நாள் வானம் இடித்துக்கொண்டு கொட்டியது. ஷீட்டு காயவில்லை என்று அண்ணன் ஈர விறகை அடுக்கிவிட்டார். புகை மேலே போகாமல் மழைக்குப் பயந்த கோழி மாதிரி தாழ்வாரத்தில் பம்மி, மதில் தாண்டி, எங்கள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. நான் ஈரத்துணியை இடுக்கில் திணித்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. பெட்டி நின்றது. நல்ல காலத்துக்கு வாங்கிய சாமான்!

அம்மு இழுக்கத் தொடங்கினாள். இன்ஹேலரைக் குழலில் வைத்து மருந்தை அடித்தேன். கேட்கவில்லை. மறுபடி அடித்தேன். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. "அம்மா" என்று முழுசாகச் சொல்ல மூச்சு இல்லை, "ம்மா" என்றாள். போனில் லைன் கிடைக்கவில்லை. கதவைத் திறந்து மதிலைப் பார்த்து, "அண்ணா! அண்ணா!" என்று கத்தினேன். மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்து அவளை மடியில் எடுத்தேன். விசில் குறைந்திருந்தது. காதை முதுகில் வைத்தேன். இன்னும் குறைந்தது. எனக்குத் தெரியும் இது என்னவென்று. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இதைக் கேட்டிருக்கிறேன்.

அப்போது அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து வாசலில் நின்றார். அழைத்தது கேட்டிருக்கிறது. மூச்சு வாங்க, காதைத் தீட்டிக் கேட்டார். சத்தம் இல்லை. முகம் தெளிந்தது.

"மாறிச்சா?" என்றார்.

நான் அலறினேன். "மாறல்ல அண்ணா! சத்தம் நிக்கப் போவுது! மயினிக்கு நின்ன மாதிரி நிக்கப் போவுது!"

அவர் முகத்தில் அப்போது வந்ததை எந்த எதிரிக்கும் நான் நினைக்க மாட்டேன். அம்முவை என் கையிலிருந்து பிடுங்கி, சாக்கால் மூடி, மழைக்குள் இறங்கி ஓடினார். அறுபது தாண்டிய மனுஷன், வழுக்கும் படிக்கல், செருப்பு இல்லாத கால். ரோட்டில் யாருடைய ஆட்டோவையோ மறித்து, டிரைவரிடம், "விடு மக்கா, நிக்காம விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அம்முவின் முதுகிலிருந்து காதை எடுக்கவில்லை. வழியெல்லாம் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டார்கள். நாங்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றோம். நேரம் போனதே தெரியவில்லை, போகாததும் தெரியவில்லை. அப்புறம், ஊசி நுனி அளவுக்கு, கீச்சென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிள்ளையின் நெஞ்சில் விசில் திரும்பி வந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்து, "இழுக்குது, எட்டி, இழுக்குது" என்று வாய்விட்டு அழுதார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைக்கு இழுப்பு வந்ததென்று சந்தோஷப்பட்ட தாய் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்முவைப் படுக்க வைத்துவிட்டு உங்கள் அடுக்களைக்குப் போனேன். ஷீட்டெல்லாம் இறக்கி வாசலில் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அந்த ஜன்னலை நான் திறந்திருக்கப் பார்த்ததே அன்றைக்குத்தான். அடுப்பு முழுக்கச் சாம்பலும் தண்ணீரும் குழைந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணன் காலிக் குடத்தைப் பிடித்தபடி உத்தரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

"அணைச்சாச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "நாளையில இருந்து பாலாவே கொடுத்திருவேன். ஷீட்டு வாண்டாம்" என்றார்.

நான் தலையாட்டினேன். போகத் திரும்பினேன்.

"எட்டி, இவ்வளவுதானா? ஒரு குடம் வெள்ளமாக்கும் ஊத்தினேன். ஒரே குடம். அவ இந்தச் செவத்துல சாஞ்சு கிடந்து இழுக்கும்ப எனக்கு இது தோணல்லியே."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலிருந்து குடத்தை மட்டும் வாங்கி வைத்தேன்.

அம்மு இப்போது சத்தம் இல்லாமல் தூங்குகிறாள். நல்ல தூக்கம்தான், டாக்டர் சொன்னார், நெஞ்சு தெளிந்திருக்கிறது. மற்ற அம்மாமார் போர்வையை இழுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். நான் குனிந்து அவள் முதுகில் காதை வைக்கிறேன், காற்று உள்ளே போய் வெளியே வருவது கேட்கிறவரை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். முடித்ததும் மறுபடி போவேன். அண்ணன் காலையில் வெட்டுக்குப் போகும் முன் எங்கள் ஜன்னலடியில் வந்து நின்று, பிள்ளை எழும்பியாச்சா என்று கேட்கிறார். அம்மு உள்ளேயிருந்து ஏதாவது கத்திய பிறகுதான் நகர்கிறார். அன்றைக்கு அடுப்படியில் அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீர்தான் மயினி. அத்தனை வருஷமும் அது நம் கிணற்றில் இருந்தது.